இருவரையும் சேர்த்து உட்காரவைத்தால் பஞ்சாயத்தாகிவிடுகிறது: எங்கே போய்ப் படிப்பது?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து 6 ஆண்டுகளாகத் திருநெல்வேலி பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கவுன்சலராக இருக்கிறேன். வயது 31. அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்தும் குடும்ப நீதிமன்றத்திலிருந்தும் வாரத்துக்கு மூன்று நான்கு தம்பதிகளை அனுப்புகிறார்கள். தனி ஆளிடம் பேசுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் பஞ்சாயத்தாகிவிடுகிறது. நானும் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். தம்பதி, குடும்ப சிகிச்சையை முறையாகப் படிக்க வேண்டும் என்று ஆசை. 6 வாரத்தில் 'சர்டிஃபைடு ஃபேமிலி தெரபிஸ்ட்' ஆகலாம் என்று ஓர் ஆன்லைன் வகுப்பு 18,000 ரூபாய் கேட்கிறது. தோழி பெங்களூரில் இருக்கும் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுக்குப் போ என்கிறாள். லண்டனில் இருக்கும் அக்கா அங்கே வந்து படி என்கிறாள். எது சரி? இன்னொன்று: எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. 'உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்' என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அந்த 18,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். வகுப்பில் சொல்லித்தருவது தவறாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஜீனோகிராம் (தலைமுறை வாரியாக உறவுகளை வரையும் படம்), குடும்ப அமைப்பு, தொடர்பு முறைகள் என்று பாடம் ஒழுங்காகவே இருக்கலாம். ஆனால் உங்களிடம் இல்லாதது பாடம் இல்லை. பத்தாவது நிமிடத்தில் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை, உங்களைத் தவிர இன்னொருவர் பார்த்துச் சொன்னதே இல்லை. அந்தக் குறையை வீடியோ பாடமும் தேர்வும் தீர்க்காது. எந்தப் படிப்பானாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: தம்பதியும் குடும்பமும் எதிரே இருக்கும்போது நான் வேலை செய்வதை எத்தனை மணி நேரம் ஒருவர் பார்ப்பார்?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். மனைவி ஆரம்பிக்கிறார்: "அவுகம்மா சொல்றதுதான் அவுகளுக்கு வேதவாக்கு. நான் ஒரு ஆளுன்னே தெரியாது." நீங்கள் தலையை ஆட்டி, "ரொம்ப வலிச்சிருக்கும்ல" என்கிறீர்கள். தனி கவுன்சலிங்கில் இது சரியான பதில். இங்கே பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அது தீர்ப்பு. அவர் கை ஃபோனுக்குப் போகும், அல்லது "எங்கம்மா ஒண்ணு சொல்லிட்டா இவ மூணு நாளு பேசமாட்டா, அதையும் கேளுங்க" என்று குரல் ஏறும். சமன் செய்ய நினைத்து அவர் பக்கமும் ஒரு தலையாட்டல். இப்போது இருவருக்கும் நீங்கள் நடுவர். பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. ஆறு ஆண்டுப் பழக்கத்தில் உங்களுக்கு நன்றாகக் கைவந்த பரிவுதான் இங்கே உங்களைச் சாய்க்கிறது. தனி ஆளிடம் தேர்ந்தவர்கள் தம்பதி வேலையில் தொடக்கத்தில் தடுமாறுவது இதனால்தான்.

பயிற்சி பெற்றவர் அந்த இடத்தில் வலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சங்கிலியைத் தேடுவார். கணவரிடம்: "அவங்க பேசாம இருக்குற மூணு நாளும் நீங்க என்ன செய்வீங்க?" பதில்: "கடையிலயே இருந்துருவேன். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீட்டுக்குப் போவேன்." அடுத்து மனைவியிடம்: "அவர் பதினோரு மணிக்கு வந்தா அந்த நாள் உங்களுக்கு எப்படிப் போகும்?" "அவுகம்மா கூட நான் ஒத்தையா கெடக்கணும். அந்தக் கோவத்துலதான் மறுநாளும் பேசுறதில்ல." இரண்டே கேள்வியில், அவர் ஒதுங்குவது இவரைப் பேசாமலாக்குகிறது, இவர் பேசாமலிருப்பது அவரை ஒதுக்குகிறது என்ற வட்டம் இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. குற்றவாளியைத் தேடும் வேலை சற்று நிற்கிறது. இப்படி ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம், ஒரு செயலுக்கும் அடுத்த செயலுக்கும் நடுவில் இருப்பதைக் கேட்கும் முறையை இத்தாலியின் மிலான் நகரத்துக் குடும்ப சிகிச்சைக் குழுவினர் 1980-இல் ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதிவைத்தார்கள். அந்தக் குழுவில் செல்வினி பலாட்சோலி, போஸ்கோலோ, செக்கின், பிராட்டா என்று நான்கு மனநல மருத்துவர்கள். இருவர் அறைக்குள் குடும்பத்தோடு இருப்பார்கள், மற்ற இருவர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள். கேள்வியின் வடிவத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். குரல் ஏறிய அந்த நொடியில் அதைக் கேட்பதற்குத்தான் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் வேண்டும்.

இந்தத் துறை வளர்ந்ததே பார்த்துப் பார்த்துத்தான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா சைல்ட் கைடன்ஸ் கிளினிக்கில் சால்வடோர் மினுச்சினும் ஜே ஹேலியும் 1960களின் இறுதியில், இத்துறையில் எந்தப் பட்டமும் இல்லாத உள்ளூர் மக்களைக் குடும்ப சிகிச்சைக்குப் பழக்கினார்கள். சூப்பர்வைசர், அதாவது வேலையைப் பார்த்து வழிகாட்டுபவர், கண்ணாடிக்குப் பின்னால் நின்று, தேவைப்பட்டால் அறைக்குள் ஃபோன் அடிப்பார்: "அப்பாவிடம் பேசச் சொல், மகனைப் பார்க்காதே." 1985 மார்ச்சில் நார்வேயின் வடக்கே டிரோம்ஸோவில் டாம் ஆண்டர்சனின் குழு இதையே திருப்பிப் போட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் பேசுவதைக் குடும்பம் கேட்கட்டும் என்று வெளிச்சத்தையும் ஒலியையும் மாற்றிவிட்டார்கள். இன்றும் நல்ல பயிற்சி மையங்களில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும், அல்லது வீடியோ இருக்கும்.

நம் ஊரில் பெரும்பாலும் 'சூப்பர்விஷன்' என்ற பெயரில் நடப்பது கேஸ் சொல்லுதல். செஷன் முடிந்து நான்கு நாள் கழித்து, நினைவில் நின்றதைச் சொல்வீர்கள், அவர் அறிவுரை சொல்வார். தனி ஆள் சிகிச்சையில் இது ஓரளவு ஓடும். தம்பதி வேலையில் ஓடாது. ஏனென்றால் உங்கள் நாற்காலி மனைவி பக்கம் திரும்பியிருந்ததும், கணவர் பேசும்போதெல்லாம் நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததும் உங்கள் நினைவிலேயே பதிந்திருக்காது.

அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இந்தத் துறையின் முதுநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் விதிகளில் நெடுங்காலம் இருந்தது இது: மாணவர் 500 மணி நேரம் நேரடி சிகிச்சை தர வேண்டும், அதில் 250 தம்பதியோடோ குடும்பத்தோடோ இருக்க வேண்டும். சூப்பர்விஷன் 100 மணி நேரம், அதில் 50 நேரில் பார்த்தோ பதிவைப் பார்த்தோ நடக்க வேண்டும். இது படிப்புக்குள் மட்டும். கலிஃபோர்னியாவில் உரிமம் வாங்க மொத்தம் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரங்கள் கண்காணிப்பில் வேலை. அதில் 500 மணி நேரமாவது தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளுடன் இருக்க வேண்டும். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு 6 வார விளம்பரத்தைப் பாருங்கள்.

இனி நிம்ஹான்ஸ். உங்கள் தோழி சொல்வதில் விஷயம் இருக்கிறது. நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ. என்பதால் மருத்துவ உளவியல் பக்கம் கதவு கிடையாது. அது உளவியல் பட்டதாரிகளுக்கானது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வருவது. உங்கள் வழி மனநல சமூகப்பணி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப்பணியாளர் யார் என்பதை வரையறுக்கும்போது, சமூகப்பணி முதுகலையோடு, மேற்பார்வையிலான மருத்துவப் பயிற்சி உள்ள 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். என்றுதான் சொல்கிறது. நிம்ஹான்ஸில் குடும்ப மனநல மையம் என்று தனிப் பிரிவே இருக்கிறது. குடும்பமாக வந்து தங்கி சிகிச்சை பெறுகிறார்கள். கணவன், மனைவி, பிள்ளை, தாத்தா பாட்டி எல்லாரும் ஒரே அறையில் இருக்கும் செஷனை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு இந்தியாவில் வேறு இடங்களில் அரிது.

ஆனால் ஒரு சிக்கல். யு.ஜி.சி. 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்கு தந்தது. ஆகவே பழைய மாணவர் ஒருவர் சொன்னதை நம்பி வேலையை விடாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பட்டத்தின் பெயர் என்ன, முழுநேரமா, மேற்பார்வைப் பயிற்சி எத்தனை மாதம் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இடையில் யாராவது 'தபாலில் எம்.ஏ. சைக்காலஜி சேர்ந்துவிடு' என்றால் அதையும் விடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலை, ஆன்லைன் வழியில் நடத்த யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது.

'சர்டிஃபைடு' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 'குடும்ப சிகிச்சையாளர்' என்ற பெயருக்குத் தனி உரிமம் கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ சமூகப்பணியாளர், மனநல சமூகப்பணியாளர் ஆகியோரைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்கள் பதிவும் தகுதியும் நாளை அந்தப் பெயர்களின் கீழ்தான் வரும். ஃபேமிலி தெரபிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், மாட்டவும் செய்கிறார்கள். சான்றிதழ் தருபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதில் வராது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் உறவினர் ஒருவர் கூடவே தங்குவது நெடுநாள் வழக்கம். மேற்கிலிருந்து நமக்கு வந்தது முறைப்படி பயிற்சி தரும் ஒழுங்கு. அதை வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

லண்டன் படிப்பு தரமானது, ஆனால் நீளமானது. பிரிட்டனில் அறிமுக ஆண்டு, இடைநிலை ஆண்டு, அதன் பிறகு தகுதி தரும் 2 ஆண்டு முதுகலை என்று நான்கு ஆண்டுகள் ஓடும். டேவிஸ்டாக், இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபேமிலி தெரபி போன்ற இடங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. முடித்தவர் யு.கே.சி.பி. என்ற உளசிகிச்சையாளர் அமைப்பில் பதிவு செய்யலாம். மேல்நிலைக்குப் போகப் போக, மக்களோடு நேரடியாக வேலை செய்யும் இடம் ஒன்று உங்கள் கையில் இருந்தாக வேண்டும். அதாவது அங்கே வேலையும் விசாவும் உறுதியானால்தான் இந்தக் கணக்கு ஓடும். அக்கா வீட்டில் தங்கினால் வாடகை மிச்சமாகலாம், வேலை கிடைத்துவிடாது. அங்கேயே வாழப்போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தமிழில் வேலை செய்யக்கூடிய ஆளுக்கு அங்கே தேவை உண்டு. திருநெல்வேலிக்குத் திரும்பிவருவதுதான் திட்டம் என்றால், அந்தப் பணத்தில் பாதியை இங்கே நல்ல சூப்பர்விஷனுக்குச் செலவிடுவது மேல்.

சில குறிப்பிட்ட முறைகளின் தொடர் பயிற்சிகளும் கண்ணில் படும். உணர்வை மையமாகக் கொண்ட தம்பதி சிகிச்சையான ஈ.எஃப்.டி.யில் 4 நாள் எக்ஸ்டர்ன்ஷிப், பிறகு 48 மணி நேர கோர் ஸ்கில்ஸ், அதன் மேல் தனி சூப்பர்விஷன் என்று படிகள். காட்மன் முறையில் லெவல் 1, 2, 3. இரண்டும் நல்லவை, இரண்டிலும் பதிவைப் போட்டுப் பார்ப்பது உண்டு. ஆனால் அடிப்படை இல்லாமல் நேராக இவற்றுக்குப் போனால் எல்லாத் தம்பதிகளும் அந்த ஒரே வரைபடத்துக்குள் அடங்குவதுபோலத் தோன்றும். உங்கள் வேலையை ஒருவர் பார்த்துச் சொல்லும்படி ஓராண்டு செய்துவிட்டு, அதன் பிறகு ஒன்றில் சேருங்கள்.

நிம்ஹான்ஸில் இடம் கிடைத்தால் போங்கள், அதுதான் என் முதல் பரிந்துரை. கிடைக்காவிட்டால், அல்லது வேலையை விட முடியாவிட்டால், இருக்கும் இடத்திலேயே 2 ஆண்டுப் பயிற்சியை நீங்களே கட்டிக்கொள்ளலாம். உங்களிடம் பெரிய முதல் இருக்கிறது: வாரம் மூன்று தம்பதி. ஆண்டில் 46 வாரம் வேலை என்று வைத்தால் 138 செஷன், 2 ஆண்டில் 276. மேலே சொன்ன 250-ஐத் தாண்டிவிடுவீர்கள். பெருநகரத்தில் கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்கே இத்தனை தம்பதிகள் கிடைப்பதில்லை.

சூப்பர்வைசரை முதலில் பிடியுங்கள். மனநல சமூகப்பணியிலோ மருத்துவ உளவியலிலோ எம்.ஃபில். முடித்து, இப்போதும் தம்பதிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும். பாடம் நடத்துபவராக மட்டும் இருந்தால் போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், ஆன்லைனில் போதும். நிபந்தனை ஒன்றுதான்: அவர் உங்கள் பதிவைக் கேட்பார் அல்லது பார்ப்பார். 2 ஆண்டில் இது 46 மணி நேரம் தேறும். மீதிக்கு, இதே வேலை செய்யும் நால்வர் சேர்ந்து மாதம் ஒருமுறை உட்காருங்கள். நால்வருக்கு மேல் வேண்டாம், முறை வரவே வராது.

பதிவுக்குக் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாக எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். யார் கேட்பார்கள், எத்தனை நாளில் அழிக்கப்படும், வேண்டாமென்றால் சிகிச்சைக்குப் பாதிப்பில்லை என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். நீதிமன்ற வழக்கு நடப்பவர்களைப் பதிவு செய்ய வேண்டாம். அந்த ஒலி நாளை எந்த வக்கீல் மேசைக்குப் போகும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. பதிவைக் கேட்கும்போது முழுவதையும் கேட்க உட்காராதீர்கள், சலித்துவிடும். நடுவிலிருந்து 10 நிமிடம் எடுத்துக்கொண்டு மூன்று விஷயங்களை எண்ணுங்கள்: யார் எத்தனை முறை பேசினார், நீங்கள் யாருடைய வாக்கியத்தை முடித்துவைத்தீர்கள், இருவரையும் ஒருவரோடொருவர் நேராகப் பேசவைத்தது எத்தனை தடவை. மூன்றாவது எண் பூஜ்யம் என்றால் அங்கே நடந்தது ஒரே அறையில் இரண்டு தனி கவுன்சலிங்.

அடுத்தது ஜீனோகிராம். மூன்று தலைமுறை, ஒரே தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி, பிள்ளைகள் மூத்தவரிலிருந்து இடமிருந்து வலம், சண்டைக்கு மடிந்து மடிந்து போகும் கோடு. இதெல்லாம் எங்கும் கிடைக்கும். கிடைக்காதது நம் பக்கத்து வழக்கம். தாய்மாமனைக் கட்டிய பெண்ணுக்கு மாமியார் யார்? சொந்த ஆச்சி. 'மாமியார் கொடுமை' என்று நீங்கள் எழுதிவைத்த கேஸில், அந்தப் பெண்ணின் அம்மா தன் சொந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நிற்கிறார். புகார் கொடுக்க அவர் ஏன் தயங்குகிறார் என்பது வரைந்தால்தான் தெரியும். இரத்த உறவில் நடந்த திருமணத்துக்கு இரட்டைக் கோடு போடுவார்கள். உங்கள் தாள்களில் அது அடிக்கடி வரும், தலைமுறை வரிசையும் குலையும். அதோடு நகை யார் வீட்டில் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் யார் பேரில், கடன் தவணையை யார் கட்டுகிறார், யார் சவூதியிலோ சிங்கப்பூரிலோ எத்தனை ஆண்டு இருந்தார் என்பதையும் குறியுங்கள். முதல் ஜீனோகிராம் உங்கள் சொந்த வீட்டினுடையதாக இருக்கட்டும். குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான மரே போவன் 1967-இல் தன் குடும்பத்தில் தான் செய்துபார்த்த வேலையையே சக சிகிச்சையாளர்கள் முன் வைத்ததிலிருந்து, பல பயிற்சி மையங்களில் இது கட்டாயம். யார் பக்கம் சாய்கிறீர்கள் என்பதற்கான விடையில் ஒரு பகுதி அந்தத் தாளில் இருக்கும். அதை சூப்பர்வைசரிடம் காட்டுங்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

முதல் நான்கு சந்திப்புகளுக்கு ஒரு சட்டகம் வைத்துக்கொண்டால் பஞ்சாயத்து பாதி குறையும். முதல் சந்திப்பு இருவரும் சேர்ந்து, ஒன்றரை மணி நேரம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒவ்வொருவருடனும் தனியாக, 45 நிமிடம். நான்காவதில் மறுபடி சேர்த்து உட்காரவைத்து, நீங்கள் புரிந்துகொண்ட வட்டத்தைச் சொல்லி, என்ன வேலை செய்யப்போகிறோம் என்று ஒப்புக்கொள்வது. தனிச் சந்திப்புக்கு முன்பே, இருவர் முன்னிலையிலும் ரகசியம் பற்றிய விதியைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கணவர், "எனக்கு வேற ஒரு தொடர்பு இருக்கு, அவகிட்ட சொல்லிறாதீங்க" என்பார். அந்த நிமிடம் முதல் நீங்கள் ஒருவரின் கூட்டாளி. இந்த வேலையைச் செய்யவே முடியாது. விதி என்னவாகவும் இருக்கலாம். பலரும் வைப்பது: சிகிச்சையைப் பாதிக்கும் விஷயம் என்றால் அவரே சொல்ல நான் உதவுவேன், மறைத்துக்கொண்டு கூட்டுச் சந்திப்பைத் தொடரமாட்டேன். இதற்கு ஒரே விலக்கு வன்முறை. அதைப் பற்றித் தனியாகச் சொன்னது எதுவும் மற்றவர் காதுக்குப் போகாது.

ஆறு பேரோடு வருபவர்களை என்ன செய்வது? மாமா, சித்தப்பா, வார்டு கவுன்சிலர் என்று வருவார்கள். வாசலிலேயே நிறுத்தினால் வெளியே அவர்கள் உங்களுக்கு எதிரான கட்சியாகிவிடுவார்கள். எல்லாரையும் உள்ளே அழைத்து 15 நிமிடம் கொடுங்கள். "இவங்க நல்லா இருந்தா உங்க கண்ணுக்கு எது முதல்ல தெரியும்?" என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. குறை சொல்ல ஆரம்பித்தால் மரியாதையாக அடுத்தவருக்குப் போங்கள். பிறகு நன்றி சொல்லி வெளியே உட்காரச் சொல்லுங்கள், நான்காவது சந்திப்பில் தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு இடம் கொடுத்தாயிற்று, தம்பதிக்கும் கதவு மூடிய அறை கிடைத்தாயிற்று.

உங்களுக்கு ஆளை அனுப்புவது காவல் நிலையம் என்பதால் வன்முறை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். அடி, மிரட்டல், பயம் தொடரும் இடத்தில் கூட்டுச் சந்திப்பு கூடாது. அறைக்குள் மனைவி உண்மை சொன்னால் வீட்டில் அதற்குக் கணக்குத் தீர்க்கப்படும். சொல்லாவிட்டால் உங்கள் சிகிச்சை ஒரு நாடகத்தின் மேல் நிற்கும். இதைத் தனிச் சந்திப்பில் மட்டும் கேளுங்கள். "அடிப்பாரா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் உங்களுக்கு உடம்புல என்ன ஆகும்? பிள்ளைங்க என்ன செய்யும்?" என்று கேளுங்கள். வட்டம், இருதரப்பு என்று மேலே எழுதியதெல்லாம் இங்கே செல்லாது. அவர் அடித்ததில் இவருக்குப் பங்கு என்ன என்று தேடுவது தவறு. சட்டமே இதில் தெளிவாக இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கவுன்சலிங்குக்கு அனுப்பலாம். ஆனால் 2006 விதிகளின்படி, செய்த வன்முறைக்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரரை அங்கே அனுமதிக்கக் கூடாது, அனுமதி இல்லை என்பதைத் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடவும் வேண்டும். 'எப்படியாவது சேர்த்துவைங்க மேடம்' என்று ஸ்டேஷனில் சொன்னால், சேர்த்துவைப்பது உங்கள் வேலை இல்லை என்று எழுத்திலேயே பதில் கொடுங்கள். 181 உதவி எண்ணும் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் எண்ணும் உங்கள் மேசையில் இருக்கட்டும். குடிப்பழக்கம் கட்டுக்கடங்காமல் இருந்தால் முதலில் மருத்துவம், பிறகுதான் தம்பதி வேலை.

எந்தப் படிப்பில் சேர நினைத்தாலும் பணம் கட்டும் முன் இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தம்பதி, குடும்பத்தோடு நேரடி வேலை எத்தனை மணி நேரம்? அதில் எத்தனையை சூப்பர்வைசர் பார்ப்பார்? ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்? தேறாதவர் யாராவது உண்டா? கடைசிக் கேள்விக்கு 'எங்களிடம் எல்லாரும் பாஸ்தான்' என்று வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணம் ஆகாதது பற்றி. இந்தக் கேள்வி தகவலுக்காகக் கேட்கப்படுவது குறைவு. பெரும்பாலும் தன் பக்கம் நியாயம் எடுபடவில்லை என்று தோன்றும்போதுதான் வரும். ஆகவே கேட்டவர் யார், அதற்கு முந்தைய 2 நிமிடத்தில் நீங்கள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று உடனே பாருங்கள். நீங்கள் சாய்ந்துவிட்டதற்கான மணி அதுவாக இருக்கலாம். பதிலில் விளக்கமோ கோபமோ வேண்டாம், தகுதிப் பட்டியலும் வேண்டாம். "இல்லைங்க, ஆகல. உங்க வீட்டு விஷயம் எனக்குப் புரியாமப் போயிருமோன்னு நினைக்கிறீங்க. இதுவரைக்கும் நான் எதைச் சரியாப் புரிஞ்சிக்கல?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொல்லி முடித்ததும் அதையே மற்றவரிடம் கொண்டுபோங்கள்: "இவர் இப்படி நினைக்கிறது உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?"